ஜன்னலை உடைக்கச் சொன்னவர்

டாக்டர் வேதமூர்த்தி இறந்துவிட்ட செய்தியை எனக்குச் சொன்னவர் ஒரு பஸ் கண்டக்டர். காளப்பநாயக்கன்பட்டியில் மாத்திரை வாங்கிக்கொண்டு மலைக்குத் திரும்பிக்கொண்டிருந்தேன். வளைவுகள் தொடங்கும் இடத்தில், எஞ்சின் இரைச்சலுக்கு மேலே குரலை உயர்த்தி, பஸ் முழுவதும் கேட்கும்படி கேட்டார்.

“ஏனுங்க டீச்சர், உங்க கண்ணாடி டாக்டரு போயிட்டாருங்களாமா? நீங்க இங்க உக்காந்திருக்கறீங்க?”

“வேறு எங்கே உட்கார வேண்டும் என்கிறீர்கள்? எப்போது?”

“காலையிலங்க. அவரு பட்டறையில வேலை செய்யற தங்கமணியக்காதான் போன் பண்ணுச்சு. கீழ இருந்து ஃப்ரீசர் பெட்டி ஏத்தி உடச் சொல்லுச்சு. அதா, முன்னாடி போவுது பாருங்க.”

எங்களுக்கு முன்னால் ஒரு லோடு ஆட்டோ திணறிக்கொண்டு ஏறியது. கயிறு போட்டுக் கட்டிய பெட்டி ஒவ்வொரு வளைவிலும் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. பக்கத்து இருக்கையில் இருந்த பெண் “அடப் பாவமே” என்றாள். அவரைத் தெரியுமா என்று கேட்டேன். தெரியாதுங்க என்றாள். தெரிந்திருந்தால் அந்த வார்த்தையைச் சொல்லியிருக்க மாட்டாய் என்றேன். அவள் முகத்தை வெளியே திருப்பிக்கொண்டாள்.

மூன்றாம் நாள், அவர் முன்பு வேலை பார்த்த கண்ணாடி, பீங்கான் ஆராய்ச்சிக்கூடத்திலிருந்து ஒருவர் போன் செய்தார். நினைவு மலர் ஒன்று கொண்டுவருகிறார்களாம். “அவருடைய மனிதநேயத்தைப் பற்றி இரண்டு பக்கம் எழுதித் தாருங்கள் மேடம்” என்றார். அதற்கு அரைப் பக்கம்கூட வராது, நடந்ததை எழுதினால் போடுவீர்களா என்று கேட்டேன். சற்றுத் தயங்கி, போடுகிறோம் என்றார். அவரிடம் வேலை பார்த்தவர்கள், அவருடைய தட்டுகளையும் கோப்பைகளையும் வாங்கியவர்கள், அவரிடம் திட்டு வாங்கியவர்கள் எல்லோரும் இதைப் படிப்பீர்கள். உங்களுக்கு அவரைத் தெரியும். ஆகவே பூசி மெழுகத் தேவையில்லை.

அவர் ஓய்வு பெற்றுக் கொல்லிமலைக்கு வந்தபோது நானும் என் கணவரும் செம்மேட்டில் இருந்தோம். என் கணவர் பிலிப் தோட்டக்கலைத் துறையில் அதிகாரியாக இருந்தவர். பாளையங்கோட்டைக்காரர். வேலை நிமித்தமாக மலைக்கு வந்து, மிளகுக் கொடியின்மேல் ஆசைப்பட்டு இங்கேயே தங்கிவிட்டார். நான் கணக்கு டீச்சராகச் சேர்ந்து தலைமையாசிரியையாக ஓய்வு பெற்றவள். வேதமூர்த்தி பைல் நாடு (மலையில் சில ஊர்கள் சேர்ந்தால் ஒரு நாடு) போகும் சாலையில் ஒரு பழைய மரவள்ளிக் கிழங்குக் கிடங்கை வாடகைக்கு எடுத்து, கரண்டில் எரியும் சூளை ஒன்றும் விறகுச் சூளை ஒன்றும் போட்டார். கரண்ட் சூளையில் கண்ணாடி, விறகுச் சூளையில் மண் பாத்திரம். மனைவி மக்கள் யாரும் கூட வரவில்லை. ஏன் என்று நாங்கள் கேட்கவில்லை. ஒரு மாதம் பழகிய பிறகு கேட்கத் தேவையும் இருக்கவில்லை.

ஊரில் அவருக்குக் கண்ணாடி டாக்டர் என்று பெயர் ஆயிற்று. தேவனூர் நாட்டிலிருந்து ஒரு பெரியவர் கண் பரிசோதிக்க வேண்டும் என்று நடந்தே வந்துவிட்டார். வேதமூர்த்தி அவரைத் திருப்பி அனுப்பவில்லை. முக்காலியில் உட்கார வைத்து, இமையைத் தூக்கிப் பார்த்து, நாக்கை நீட்டச் சொன்னார்.

“கண்ணு நல்லாத்தான் இருக்கு. பார்க்கறதுக்குத்தான் உங்க ஊர்ல ஒண்ணுமில்ல.”

“அதென்னமோ மெய்தானுங்க சாமி” என்று சிரித்துக்கொண்டே அந்தப் பெரியவர் ஒரு பை நிறைய எலுமிச்சம்பழத்தை வைத்துவிட்டுப் போனார். பிலிப் மாலை வரை அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. திரும்பிப் போவதற்கும் அந்த மனிதர் அத்தனை தூரம் நடக்க வேண்டும்.

தினமும் நாலு மணிக்குக் காப்பி குடிக்க எங்கள் வீட்டுக்கு வருவார். என் காப்பியைக் குறை சொல்லிக்கொண்டே இரண்டு முறை வாங்கிக் குடிப்பார். “விடு மேரி, மனுசன் தனியா இருக்கான்” என்பார் பிலிப். அந்த நாலு மணிப் பேச்சில்தான் கண்ணாடி என்றால் என்ன என்று நான் தெரிந்துகொண்டேன். நாற்பது வருடம் ஜன்னலைத் துடைத்திருக்கிறேன், அது என்ன பொருள் என்று யோசித்ததில்லை. மணலைச் சோடாவோடும் சுண்ணாம்போடும் சேர்த்து உருக்கினால் எல்லாம் திரவமாக ஓடும். மெதுவாக, பக்குவமாக ஆறினால் உள்ளேயுள்ள அணுக்கள் வரிசையில் நின்று படிகமாகிவிடும். அதற்கு நேரம் கொடுக்காமல் இறுக்கிவிட்டால் நின்ற இடத்தில் நின்றபடி உறைந்துபோகும். “அசெம்பிளியில பிள்ளைங்க லைன்ல நிக்கறதுக்கு முன்னால நீங்க விசில் அடிச்சா எப்படி இருக்கும், ஹெட்மிஸ்ட்ரஸ் அம்மா? அதுதான் கண்ணாடி” என்றார். என் அசெம்பிளியில் அப்படி நடந்ததில்லை என்றேன். உதாரணம் எனக்கு உடனே புரிந்துவிட்டது என்பதை நான் அவரிடம் சொல்லவில்லை.

மண் பாத்திரத்தின்மேல் இருக்கும் பளபளப்பும் கண்ணாடிதான் என்றார். சாம்பல், கல்மாவு, களிமண் மூன்றும் சூளைச் சூட்டில் உருகிப் பாத்திரத்தின்மேல் ஒரு தோலாகப் படிகின்றன. அந்தத் தோல் சுருங்கும் அளவும் மண் சுருங்கும் அளவும் பொருந்தாவிட்டால் வலைபோல் விரிசல் விழும். நிறம் தருபவை உலோகங்கள். ஒரே தாமிரம் காற்றோட்டமுள்ள சூளையில் பச்சை. வாயை அடைத்து, புகையை உள்ளேயே நிறுத்தினால் சிவப்பு. “தாமிரத்துக்கு மூச்சு முட்டினாத்தான் சிவக்கும்” என்பார். அப்படிச் சொல்லும்போது அவர் முகத்தில் தெரிந்த மகிழ்ச்சியை வேறு எந்தப் பேச்சிலும் நான் பார்த்ததில்லை.

அவருடைய பட்டறையில் எல்லோருக்கும் தெரிந்த சட்டம் ஒன்று இருந்தது. தெரியாதவர்களுக்காக எழுதுகிறேன். உருகிய கண்ணாடி ஆறும்போது மேல்பக்கம் முதலில் இறுகும், உள்பக்கம் பிறகுதான் இறுகும். இறுகிவிட்ட மேல்தோலை உள்பக்கம் பிடித்து இழுத்துக்கொண்டே இருக்கும். கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. என்றோ ஒரு நாள், மேசையில் சும்மா இருக்கும்போதே, படீரென்று தெறிக்கும். அப்படி ஆகாமல் இருக்க, சூளையை மூடிவைத்து, ஐந்நூற்றைம்பது டிகிரி அளவில் நிறுத்தி, அங்கிருந்து மிக மெதுவாக இறக்க வேண்டும். உள்ளே இழுவை இருக்கிறதா என்று பார்க்க அவரிடம் ஒளி ஊடுருவும் இரண்டு கருப்புத் தகடுகள் இருந்தன. ஒன்றை ஒன்றுக்குக் குறுக்காக வைத்தால் பின்னால் இருக்கும் விளக்கு வெளிச்சம் துளிகூட வராது. இடையில் கண்ணாடித் தட்டை நீட்ட வேண்டும். நன்றாக ஆறிய தட்டு என்றால் இருட்டு அப்படியே இருக்கும். இழுவை இருந்தால் அந்த இடத்தில் மட்டும் வெள்ளையாக ஒரு கோடு எரியும். கோடு தெரிந்தால் தட்டை உடைக்க வேண்டும். செய்தவரே, தன் கையால், எல்லோர் முன்னாலும் உடைக்க வேண்டும். அதுதான் சட்டம்.

தங்கமணி அவரிடம் முதலில் சேர்ந்தவள். மிளகுத் தோட்டத்தில் வேலை செய்துகொண்டிருந்த தேவனூர் நாட்டுப் பெண். மகள் கல்யாணத்துக்குச் சீர் வைக்க ஒரு பெரிய தட்டுச் செய்தாள். ஓரத்தில் தினைக் கதிர் சுற்றி வரும். நானும் பிலிப்பும் அன்று பட்டறையில் இருந்தோம். தகடுகளுக்கிடையில் வைத்ததும் ஒரு மூலையில் கோடு எரிந்தது.

“உடை” என்றார்.

“விக்க மாட்டேனுங்க ஐயா. ஊட்டுல சும்மா வெச்சுக்கறனுங்க. புள்ள ஆசப்பட்டுச்சு.”

“உன் பேரன் அதுல சோறு திங்கறப்போ வெடிச்சா? கண்ணுல பட்டா?”

“சோறு போட மாட்டேனுங்க. சாமி படத்துக்கு முன்னால வெக்கறேன். வேற வழி ஒண்ணு சொல்லுங்க ஐயா, காலுல வேணும்னாலும் உழுகறேன்.”

“விழு. விழுந்துட்டு எந்திரிச்சு உடை.”

அவள் விழவில்லை. சுத்தியலை வாங்கி ஒரே அடியில் உடைத்தாள். பிறகு ஈரத்துணி எடுத்து வந்து, அழுதுகொண்டே துடைத்து அள்ளினாள். துண்டுகளைக்கூட அவர் விடவில்லை. அரைத்துப் பூச்சில் சேர்க்கலாம், தனியாக எடுத்து வை என்றார். வீட்டுக்கு வரும் வழியில் பிலிப் எனக்கு முன்னால் வேகமாக நடந்தார். நான்தான் வேதமூர்த்தியின் பக்கம் பேசினேன். நான் கன்னியாஸ்திரிகளிடம் படித்தவள். சட்டம் என்றால் அழுதவளுக்கு ஒன்று, அழாதவளுக்கு ஒன்று என்று இருக்கக் கூடாது என்று எங்கள் மதர் சொல்லுவார். நானும் அப்படித்தான் பள்ளிக்கூடம் நடத்தினேன். அவரிடம் எனக்கு மரியாதை ஏற்பட்டது அன்றைக்குத்தான்.

பிலிப் மாரடைப்பில் போனார். அடக்கத்துக்கு வந்த வேதமூர்த்தி என் முன்னால் நின்று, “இந்த மலையில என்னோட பேசத் தெரிஞ்ச ஒரே ஆள் போயிட்டான். இனிமே உங்களோட பேசணும்” என்றார். சுற்றி நின்றவர்கள் அதிர்ந்துபோனார்கள். அன்று எனக்கு ஆறுதல் சொன்னவர்களில் பொய் சொல்லாதவர் அவர் ஒருவர்தான் என்று நான் நினைத்தேன்.

எங்கள் சிற்றாலயத்தில் மேற்குப் பக்க ஜன்னல் ஒன்று காற்றில் உடைந்து, பலகை அடித்துக் கிடந்தது. அந்த இடத்தில் பிலிப் நினைவாக ஒரு வண்ணக் கண்ணாடி வைக்கலாம் என்று ஃபாதர் ஒத்துக்கொண்டார். என்ன கண்ணாடி என்பதில் எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை. எங்கள் வீட்டு முன்னறை ஜன்னலில் பழைய காலத்துக் கண்ணாடிகள் இருந்தன. ஓரத்தில் பார்த்தால் பாசி நிறம் தெரியும். பிலிப் முப்பது வருடம் காலையில் எழுந்ததும் அதன் வழியாகத்தான் மழையையும் கொடியையும் பார்த்தார். அந்தக் கண்ணாடிகளைக் கழற்றி எடுத்துக்கொண்டு பட்டறைக்குப் போனேன். வேதமூர்த்தி விளிம்பை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, “இந்தப் பச்சை மணல்ல இருந்த இரும்பு. இப்ப யாரும் இவ்வளவு இரும்போட விடறதில்ல” என்றார். உடைந்தால் இதுபோல் வேறு கிடைக்காது, தெரிந்துதானே தருகிறீர்கள் என்று கேட்டார். தெரிந்துதான் தருகிறேன் என்றேன்.

வானத்துக்கு ஒரு நீல மருந்து பாட்டிலையும் கொண்டுபோயிருந்தேன். அதைத் தொடவே மாட்டேன் என்றார். ஒவ்வொரு கண்ணாடியும் சூட்டில் விரிவதற்குத் தனித்தனி அளவு வைத்திருக்கிறது, இரண்டு ஜாதியைச் சேர்த்து உருக்கினால் உருகும்போது ஒன்றாகத்தான் தெரியும், ஆறிய பிறகு ஒன்றை ஒன்று பிய்க்கும் என்றார். ஆகவே பிலிப்பின் கண்ணாடிகளை மட்டும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து உருக்கிச் சேர்த்தார். அதன்மேல் உலோகத் தூளும் அதனோடு ஒத்துப்போகும் கண்ணாடித் தூளும் குழைத்து வரைந்து மறுபடி சுட்டார். சில்வர் ஓக் மரத்தில் மிளகுக் கொடி. கொடியில் ஒரு சரம் மட்டும் பெரிதாக. அந்தச் சரத்தில் எல்லாம் பச்சை மணிகள், ஒரு மணி மட்டும் சிவப்பு. அது பிலிப் விவசாயிகளுக்குச் சொல்லும் கணக்கு. ஒன்று சிவந்தால் போதும், சரத்தைப் பறி. அந்த ஒற்றைச் சிவப்புக்கு வேதமூர்த்தி பட்ட பாட்டை நான் பார்த்தேன். ஒரு முறை பழுப்பாக வந்தது, ஒரு முறை ஈரல் நிறத்தில் வந்தது. ஒவ்வொரு முறையும் துண்டுக் கண்ணாடியில் சோதித்துப் பார்த்துவிட்டுத் தூக்கி எறிந்தார். கடைசியில் வந்த சிவப்பு, கொடியில் இருக்கும் சிவப்பேதான். அவரைப் போல ஒரு கைகாரரை நான் பார்த்ததில்லை. இந்த மலரில் வேறு யார் என்ன எழுதினாலும் இதை நானும் எழுதுகிறேன்.

கடைசிச் சூட்டுக்கு வைத்தது ஆடி மாதம். பகல் முழுதும் காற்று. சூளை ஆறிக்கொண்டிருக்கும்போது எங்கோ மரம் விழுந்து கரண்ட் போய், சூடு வேகமாக இறங்கிவிட்டது. மறுநாள் திறந்தார்கள். ஜன்னல் முழுசாக இருந்தது. சிவப்பு மணி வெளிச்சத்தில் ஜொலித்தது. தங்கமணி இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். வேதமூர்த்தி கருப்புத் தகடுகளை எடுத்தார். கீழ் மூலையில் ஆரம்பித்து, மரத்தின் தண்டு வழியாக மேலே வரை வெள்ளைக் கோடு எரிந்தது.

அவர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன்.

“செஞ்சது நான். ஆனா கண்ணாடி உங்களது” என்றார். “யார் உடைக்கறது?”

“டீச்சரம்மா, வேண்டாமுங்க” என்றாள் தங்கமணி. “கொண்டுக்கிட்டுப் போயிருங்க. கோயில்ல மாட்ட வேண்டாம், ஊட்டுல வெச்சுக்கங்க. ஐயா, நீங்களாவது சொல்லுங்க.”

“நான் சொல்றதுக்கு ஒண்ணுமில்ல. ஹெட்மிஸ்ட்ரஸ் அம்மாவுக்குச் சட்டம் தெரியும்.”

நான் கையை நீட்டினேன். சுத்தியலைக் கொடுத்தார். தங்கமணிக்கு ஒரு அடி போதுமாயிருந்தது, எனக்கு மூன்று அடி வேண்டியிருந்தது. ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்ந்த கண்ணாடிகளின் கனம் அதில் இருந்தது. அழவில்லை. சேலையில் ஒட்டியிருந்த தூளைத் தட்டிவிட்டு, துண்டுகளை அவரே வைத்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டு நடந்தே வீட்டுக்கு வந்தேன். முன்னறை ஜன்னலுக்குப் பதில் கண்ணாடி அதுவரை போட்டிருக்கவில்லை. அன்று முழுவதும் அந்த ஓட்டை வழியாகச் சாரல் உள்ளே அடித்தது.

இந்தக் கதை ஊரில் பரவியது. டீச்சர் எப்பேர்ப்பட்ட மனுஷி என்று என் காது படவே பேசினார்கள். ஃபாதர் ஒரு பிரசங்கத்தில் பெயர் சொல்லாமல் சொன்னார். நான் அதைக் கேட்டுத் தலை நிமிர்ந்து உட்கார்ந்திருந்தேன். எனக்குப் பின்னால் அந்த ஜன்னலில் பலகை அடித்தபடியே இருந்தது. வேதமூர்த்தி நாலு மணிக் காப்பிக்கு வழக்கம்போல் வந்தார். ஜன்னலைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை. நேராக நிற்கத் தெரிந்த இரண்டு பேர் எதிரெதிரே உட்கார்ந்து காப்பி குடிக்கிறோம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

பிறகு அவருக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. மணல் மாவு நுரையீரலில் போய்ப் படிந்துவிட்டது என்றார் நாமக்கல் டாக்டர். படிந்தது படிந்ததுதான், வெளியே வராது. இந்த மாவு என்ன செய்யும் என்று இந்த மலையில் அவருக்குத் தெரிந்த அளவு யாருக்கும் தெரியாது. முகமூடி போடாமல் சலித்தாள் என்று ஒரு பெண்ணை அன்றே வேலையைவிட்டு நிறுத்தியவர். ஈரத்துணியால்தான் தரையைத் துடைக்க வேண்டும், துடைப்பம் எடுத்தால் கையை ஒடிப்பேன் என்பார். ஆனால் அவர் மட்டும் முகமூடி போட மாட்டார். போட்டால் மூச்சுக் காற்றில் மூக்குக்கண்ணாடி மங்குகிறது, சூளைக்குள் நிறம் சரியாகத் தெரிவதில்லை என்பார். தங்கமணி கெஞ்சிப் பார்த்தாள். “எனக்கு என்ன செய்யும்னு எனக்குத் தெரியும்” என்றார். தெரிந்துதான் இருந்தது.

கடைசி மாதங்களில் பட்டறையிலேயே கட்டில் போட்டுப் படுத்திருந்தார். பக்கத்தில் ஆக்ஸிஜன் சிலிண்டர். நான் மாலையில் போய் உட்காருவேன். இப்போது காப்பியை நான் கொண்டுபோவேன், அவர் குறை சொல்ல மூச்சு இருக்காது. ஒரு நாள் சேலம் கடைக்கு அனுப்ப வேண்டிய தட்டுகளைத் தங்கமணி தகடுகளுக்கிடையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்றில் கோடு எரிந்தது. பழக்கப்பட்ட கை சுத்தியலுக்குப் போயிற்று.

“உடைக்காத” என்றார். “மறுபடி சூளையில வை. ஐந்நூற்றைம்பதுக்குக் கொண்டுபோய் நிறுத்து. மெதுவா இறக்கு. கோடு போயிடும்.”

தங்கமணி சுத்தியலைக் கீழே வைக்கவில்லை.

“மறுபடி வைத்தால் போய்விடுமா?” என்று கேட்டேன்.

“போகும். விரிசல் விடாம இருந்தா எதுவும் போகும். இது மூணாம் கிளாஸ் பாடம்.” இரண்டு முறை மூச்சு இழுத்தார். “இப்பப் புதுசா செய்ய என்னால முடியாது. கடைக்காரன் காத்திருக்கான்.”

“அப்படியானால் இத்தனை வருடம் எதற்கு உடைக்கச் சொன்னீர்கள்?”

“மறுபடி வெக்கலாம்னு தெரிஞ்சா முதல் தடவை எவனும் ஒழுங்கா ஆற வைக்க மாட்டான். பயம் வேணும்.”

“பிலிப் ஜன்னல்?”

அவர் கண்ணை மூடிக்கொண்டு சிரித்தார். சிரிப்பு இருமலில் முடிந்தது. அடங்கும் வரை நான் காத்திருந்தேன்.

“அதுவுந்தான். நல்லா வந்திருக்கும்” என்றார். “நான் பார்த்துக்கிட்டேதான் இருந்தேன். வேற வழி இருக்கான்னு ஒரு வார்த்தை கேப்பீங்கன்னு. நீங்க கேக்கவே இல்லையே, ஹெட்மிஸ்ட்ரஸ் அம்மா. கைய நீட்டினீங்க, நானும் கொடுத்தேன்.”

அந்த வாக்கியம் எனக்கு ஏற்றாற்போல் அளவெடுத்துச் செய்தது. உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது. அது உண்மை என்றே நம்பி நான் எழுந்து வீட்டுக்குப் போயிருப்பேன். ஆனால் தங்கமணி பேசினாள். அவள் குரல் உயரவில்லை.

“நான் கேட்டனுங்களே ஐயா.”

அவர் கண்ணைத் திறந்தார்.

“எம்புள்ள தட்டுக்கு, வேற வழி ஒண்ணு சொல்லுங்கன்னு கேட்டனுங்களே. காலுல உழுகறேன்னேன். நீங்க உழுகச் சொன்னீங்க.”

இருபது வருடமாக எதற்கும் பதில் வைத்திருந்த மனிதர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். தங்கமணி சுத்தியலை மேசையில் வைத்தாள், தட்டைச் சூளைக்குள் வைத்தாள், கதவைச் சாத்தினாள். பிறகு கஞ்சியை எடுத்துவந்து, “ஆறிப் போவுதுங்க, குடிங்க” என்று கரண்டியை நீட்டினாள். அவர் குடித்தார். அதன் பிறகு நான் பட்டறைக்குப் போகவில்லை. அவர் ஆள் அனுப்பவும் இல்லை.

தகனத்துக்குப் போனேன். கண்டிப்பானவர், ஆனால் மனசு தங்கம் என்று மூன்று பேர் மைக்கில் பேசினார்கள். சேலத்துக் கடைக்காரர் அழுதார். தங்கமணி ஒரு மூலையில் நின்று, வந்தவர்களுக்கு டீ கொடுத்துக்கொண்டிருந்தாள். இந்த மலருக்கு எழுதப் போகிறேன் என்று பிறகு அவளிடம் சொன்னேன்.

“எழுதுங்க டீச்சரம்மா. வேலை கத்துக் குடுத்தாருன்னு எழுதுங்க. நல்லவருன்னு மட்டும் எழுதிராதீங்க.”

“எழுத மாட்டேன்.”

“படம் ஒண்ணு பட்டறையில மாட்டச் சொல்றாங்க. எங்கீங்க மாட்டறது?”

“சூளைக்கு எதிரே மாட்டு” என்றேன். “கோடு விழுந்த தட்டெல்லாம் மறுபடி உள்ளே போவதை அவர் பார்க்கட்டும்.”

தங்கமணி சிரித்தாள். அவள் சிரித்து நான் பார்த்தது அபூர்வம். அங்கேதான் மாட்டியிருக்கிறாள். அதற்குப் பூ வைக்கிறாள், அது அவள் இஷ்டம்.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது என்ன என்று சொல்லி முடிக்க வேண்டும். மணலும் சோடாவும் கண்ணாடியாகும் விதம், தாமிரம் சிவக்கும் விதம், கண்ணுக்குத் தெரியாத இழுவையை இருட்டில் பார்க்கும் விதம், இவையெல்லாம் அவர் எனக்குக் கொடுத்தவை. திருப்பித் தர மாட்டேன். இன்றைக்கும் ஒரு டம்ளரைக் கையில் எடுத்தால் அது ஒழுங்காக ஆறியதா என்றுதான் நினைக்கிறேன். இவற்றோடு அவர் என்மேல் எறிந்த அந்த ஒரு வாக்கியத்தையும் வைத்துக்கொண்டிருக்கிறேன். போன வாரம் அது பயன்பட்டது. ஃபாதர் வீட்டுக்கு வந்து, மேற்கு ஜன்னலுக்குக் கடைக் கண்ணாடியே போட்டுவிடலாம் என்றார். பிலிப் பெயரில் கடைக் கண்ணாடி வேண்டாம் என்றேன். அவர் காப்பியைக் குடித்து முடித்துவிட்டு, “அந்த மனுஷனை மன்னிச்சுடுங்க டீச்சர். உங்களுக்கும் பாரம் குறையும்” என்றார்.

“அவர் கேட்கவே இல்லையே, ஃபாதர்” என்றேன்.